வீட்டுக்கு வராத மீன்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஃபிரேசர் நதியின் கீழ்ப்பகுதியில் ஸ்டர்ஜன் பிடிக்கப் படகேறும் குடும்பங்களின் ஐஸ்பெட்டியில் சாண்ட்விச்சும் குளிர்பானமும்தான் இருக்கும். மாலையில் கரை திரும்பும்போது பெட்டி காலி. மீனுக்கென்று அதில் யாரும் இடம் ஒதுக்குவதில்லை. மீனைப் போட்டுக்கொண்டு வந்தால் வழக்குதான். அந்த நதியில் பிடிபடும் ஒவ்வொரு வெள்ளை ஸ்டர்ஜனையும் உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது 1994 முதல் விதி. ஆனாலும் ஹோப், சில்லிவாக், மிஷன் ஆகிய ஊர்களின் படகுத்துறைகளில் கோடையும் இலையுதிர்காலமும் கூட்டம் ஓய்வதில்லை. அண்ணன் தம்பிகள், மாமனாரும் மருமகனும், கல்லூரிக் காலத்து நண்பர்கள், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாத்தா. ஒரு நாள் முழுக்க ஆற்றில் கிடந்து, ஆளைவிட நீளமான ஒரு மீனைச் சேர்ந்து தாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, வெறுங்கையோடு வீடு போகிறார்கள். இதில் என்ன தவறு என்று கேட்டால் சட்டென்று சொல்ல ஒன்றும் அகப்படாது. மீன் சாகவில்லை. ஊருக்கு நாலு காசு கிடைக்கிறது. பிள்ளைகள் ஒரு பகலாவது கைபேசியை மறந்து தண்ணீரைப் பார்க்கிறார்கள். இருந்தும் எங்கோ உறுத்துகிறது. தின்பதற்காகப் பிடிப்பதில் தோன்றாத உறுத்தல், விடுவதற்காகப் பிடிப்பதில் தோன்றுகிறது. கொல்வதைக் கைவிட்ட பிறகு மனம் லேசாகத்தானே வேண்டும்? இங்கே அப்படி நடக்காமல் போவதற்கு, பிடிப்பவர்களைவிடப் பிடிபடும் பிராணியும் ஒரு காரணம்.

வட அமெரிக்காவின் நன்னீர் மீன்களில் வெள்ளை ஸ்டர்ஜனே பெரியது. ஆறு மீட்டர் நீளமும் அறுநூறு கிலோவுக்கு மேல் எடையும் கொண்டவை ஒரு காலத்தில் பிடிபட்டதாகச் சொல்லப்படுகிறது. இப்போது மூன்று மீட்டரைத் தொட்டாலே அந்த வாரம் முழுக்க படகுத்துறையில் அதே பேச்சு. இதன் உடம்பில் மற்ற மீன்களுக்குள்ள செதில் இல்லை. முதுகில் ஒன்று, விலாப்பக்கம் இரண்டு, வயிற்றோரம் இரண்டு என ஐந்து வரிசையாக எலும்புத் தகடுகள் ஓடுகின்றன. இளம் மீனில் இவற்றின் விளிம்பு கையைக் கிழித்துவிடும்; வயது ஏற ஏறத் தேய்ந்து மழுங்கிவிடும். உள்ளேயோ எலும்பு அதிகமில்லை, பெரும்பாலும் குருத்தெலும்பு. மற்ற மீன்களில் கருவோடு மறைந்துவிடும் முதுகுநாண் இதில் சாகும்வரை இருக்கிறது. வாலின் மேல்மடல் சுறாவுக்கு இருப்பதைப் போல நீண்டது. மூக்குக்கு அடியில் நான்கு மீசைகள், அவற்றுக்குப் பின்னால் பல்லில்லாத வாய். இரை தட்டுப்பட்டதும் அந்த வாய் ஒரு குழாயாகக் கீழே நீண்டு, தரையில் கிடப்பதை உறிஞ்சிக்கொண்டு உள்ளே மடங்கிவிடும். மீசையில் சுவை தெரியும். மூக்கின் அடிப்புறத்துக் குழிகளில் பிற உயிர்களின் மெல்லிய மின்புலம் தெரியும். கண் சிறியது. வண்டல் கரைந்து பழுப்பாக ஓடும் ஆற்றில் அதற்கு மேல் கண்ணுக்கு வேலையும் இல்லை. சுற்றுலா அறிவிப்புகள் தவறாமல் இதை டைனோசர் காலத்து மீன் என்கின்றன. வம்சம் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுப் பழமையானது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெரிய எண் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. கேட்டுவிட்டு வியந்து கடந்துவிடலாம். சங்கடப்படுத்துவது சின்ன எண். இந்த மீன் நூறு ஆண்டுகள் வரை வாழக்கூடியது. பெண்மீன் முதன்முதலாகச் சினைகொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதன்பிறகும் வருடந்தோறும் முட்டையிடுவதில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். தூண்டிலில் அகப்படும் பெரிய மீன், படகில் இருக்கும் எல்லோரையும்விட மூத்ததாக இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

படகு பெரும்பாலும் அலுமினியத்தில் செய்த ஜெட் படகு. அடியில் சுழலி நீட்டிக்கொண்டிராது. நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடுவதால் முழங்கால் ஆழச் சரளைத் திட்டுகளையும் உரசாமல் தாண்டிவிடும். ஹோப்புக்கும் மிஷனுக்கும் நடுவே நதி அப்படிப்பட்ட திட்டுகளாகவும் கிளைகளாகவும் பிரிந்து பிரிந்து ஓடுகிறது. மிஷனிலுள்ள ரயில் பாலத்துக்குக் கீழே கடல் ஓதத்தின் ஆட்சி. அங்கே மீன்பிடி உரிமமே வேறு. மேலே நன்னீர்ப் பகுதியில் பிடிக்க வழக்கமான உரிமத்தோடு ஸ்டர்ஜன் பாதுகாப்புக்கென்று தனிச்சீட்டும் வாங்க வேண்டும். கழி குட்டையானது, தடிமனானது. நூல் நூறு ராத்தலுக்கு மேல் தாங்கும் பின்னல் நூல். முள் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், அதன் முனையில் பின்னோக்கி நீளும் கூர் இருக்கக் கூடாது. இரையைக் கட்டுவதில்தான் ஒரு வேடிக்கை. சால்மன் சினையை உருண்டையாக எடுத்து, பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறையை வெட்டி அதில் பொதிந்து முடிச்சுப் போடுவார்கள். நீரோட்டம் முட்டைகளைக் கலைத்துவிடாமல் சாறு மட்டும் கசிந்து இறங்கும்; அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு மீன் ஆற்றை எதிர்த்து மேலே வரும். சினை கிடைக்காத மாதங்களில் சால்மன் துண்டு, யூலக்கான் என்ற சிறுமீன், மண்புழு. கைகளில் ஏறும் கவிச்சை சோப்புக்குப் போகாது. பழகிய படகோட்டி அதே கையால் பிஸ்கட்டை எடுத்து நீட்டும்போது முதல்தடவை வந்தவர்களின் முகம் பார்க்கத் தக்கது.

நங்கூரத்தைப் போட்டுக் காத்திருக்கும் நேரமே இந்தப் பயணத்தின் பெரும்பகுதி. கயிற்றின் மேல்முனையில் ஒரு மிதவை கட்டியிருக்கும். பெரிய மீன் அகப்பட்டால் நங்கூரத்தை இழுத்து ஏற்ற நேரமிராது என்பதால், கயிற்றை அப்படியே கழற்றி மிதவையோடு விட்டுவிட்டு மீனின் பின்னால் போய்விடலாம். அரைமணி நேரம் எதுவும் தொடவில்லையென்றால் வேறு மடுவுக்கு மாற்றிக் கட்டுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் பேச்சு ஓடுகிறது. யார் முதலில் கழியைப் பிடிப்பது என்று சீட்டுப் போடுகிறார்கள். வீட்டில் பேசத் தயங்கிய சொத்து விவகாரம் நடு ஆற்றில் எளிதாக வெளியே வருகிறது. எதிரெதிரே உட்காராமல் எல்லோரும் ஒரே திசையில், கழிநுனிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது அதற்கு உதவுகிறதோ என்னவோ. உறவுகளைச் சீராக்கும் வேலையை மீன்பிடிப்பயணம் செய்வதாக மேற்கத்தியர்கள் அடிக்கடி எழுதுவதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சீராக்கலுக்கு அடித்தளத்தில் மேயும் ஒரு கிழப்பிராணியின் வாயில் முள் ஏன் ஏற வேண்டும் என்பதற்கு அந்த எழுத்துகளில் பதில் கிடைப்பதில்லை. முள் இல்லாமல் போனால் படகில் அந்த விழிப்பு இராது, விழிப்பு இல்லாவிட்டால் பேச்சும் வராது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் அரைகுறைச் சமாதானம்தான்.

இத்தனை பெரிய மீன் இரையைத் தொடுவது மிகச் சிறிய அசைவாகத்தான் மேலே தெரியும். கழிநுனி ஒருமுறை தலையாட்டும், நிற்கும். மறுபடி இரண்டு தடவை. நீரோட்டத்தில் அடித்துவரும் குச்சி உரசினாலும் அப்படித்தான் ஆடும். வேறுபாடு படகோட்டிக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. நுனி வளைந்து கீழே இறங்கத் தொடங்கும்போது கழியை வெட்டி இழுக்க வேண்டும். அதன்பிறகு நடப்பதை விவரிக்க எல்லோரும் ஒரே மாதிரியான மிகைச் சொற்களைத்தான் தேடுகிறார்கள். ரீல் கிறீச்சிட்டுச் சுழல, நூல் நூறு மீட்டர் போய்விடும். நங்கூரக் கயிறு கழன்று, படகு மீனின் இழுப்புக்கும் ஆற்றின் இழுப்புக்கும் நடுவே பக்கவாட்டில் நகரும். சில மீன்கள் முழு உடம்பும் வெளியே தெரியத் துள்ளும். அந்தக் கனத்துக்கு அது பொருந்தாத வேகம். கழியின் அடிமுனையை ஊன்ற இடுப்பில் பட்டை கட்டியிருந்தாலும் பத்து நிமிடத்தில் முன்கை நடுங்கத் தொடங்கிவிடும். தகப்பனிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து சித்தப்பாவுக்கு என்று கழி கைமாறும். மேலே ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கீழே மாற்றாள் கிடையாது. இருபது நிமிடத்தில் முடிவதும் உண்டு, இரண்டு மணி நேரம் நீள்வதும் உண்டு. நூலின் வலு மீனைக் களைக்கவைப்பதற்கே தவிர மீனோடு சமமாக நின்று பார்ப்பதற்கு இல்லை. போராட்டம் என்று இதைச் சொல்வது வழக்கம் என்றாலும், ஒரு தரப்புக்குத் தோற்றால் ஒன்றும் போகாத இடத்தில் அந்தச் சொல் கொஞ்சம் அதிகம்.

மீன் அடங்கிய பிறகு படகை ஒரு சரளைத் திட்டின் ஓரமாகக் கொண்டுபோய், நீர்புகாக் கால்சட்டை அணிந்தவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட மீனை நீருக்கு வெளியே தூக்குவதில்லை. தண்ணீரின் தாங்கல் போய்விட்டால் அதன் சொந்த எடையே உள்ளுறுப்புகளை நசுக்கிவிடும். மல்லாத்திப் போட்டால் ஸ்டர்ஜன் சட்டென்று அடங்கிக் கிடக்கும். வெள்ளை வயிறு மேலே, வாய் மேலே. முள் பெரும்பாலும் உதட்டின் மூலையில் ஏறியிருக்கும். பல்லில்லாத வாய் என்பதால் விரலாலேயே கழற்றிவிடலாம். அப்போது அந்த வாய்க்குழாய் இரண்டு மூன்று தடவை நீண்டு மடங்கும். தோலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் ஈரச் சேற்றின் வாடை. மூக்கின் அடிப்புறம் ரப்பர்போல் மெத்தென்று இருக்கும், நுண்துளைகள் நிறைந்து. செவுள்மூடி மெதுவாகத் திறந்து மூடும்போது உள்ளே ஆழ்ந்த சிவப்பு தெரியும். நாடாவால் மூக்குநுனியிலிருந்து வால்கவைவரை நீளம் அளந்து, முன்துடுப்புக்குப் பின்னால் சுற்றளவு எடுத்து, தலைக்குப் பின்னால் ஒரு கருவியை நகர்த்திப் பார்க்கிறார்கள். பிறகு புகைப்படம். குடும்பம் முழுதும் வரிசையாக நின்று மீனின் அடியில் கைகொடுக்கிறது. பல்லைக் கடித்துக் குளிரைப் பொறுத்துக்கொண்டு சிரிக்கிறது. கடைசியில் தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருந்து, வால் அசைந்து தெம்பு வந்ததும் கையை எடுக்கிறார்கள்.

2012 ஜூலையில் சில்லிவாக் அருகே இங்கிலாந்திலிருந்து சுற்றுலா வந்த ஒருவரின் தூண்டிலில் 3.76 மீட்டர் நீள மீன் ஒன்று அகப்பட்டது. எடை ஏறத்தாழ 500 கிலோ இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். படங்கள் உலகம் முழுக்கச் செய்தித்தாள்களில் வந்தன. இந்த வகைப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். மனிதர்கள் மாறுகிறார்கள், தொப்பிகள் மாறுகின்றன, மீன் மட்டும் எல்லாப் படத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறது. சில சமயம் அது உண்மையிலேயே ஒரே மீனாகவும் இருக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தின் வரவேற்பறைச் சுவரில் ஏறிய அதே மீன், அந்தக் குடும்பம் அறியாமல் வேறு பல சுவர்களிலும் தொங்கிக்கொண்டிருக்கும். பிடித்தவருக்கு வாழ்நாளில் ஒருமுறை நேரும் காரியம், மீனுக்கு வாழ்நாளில் பலமுறை நேர்கிறது. உறுத்தலின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. கொன்று தின்கிறவன் ஒரு மீனிடம் ஒருமுறைதான் வர முடியும்.

ஒரு காலத்தில் எல்லோரும் கொன்று தின்றுகொண்டுதான் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சால்மன் வலைகளைக் கிழிக்கும் தொல்லையாகக் கருதி ஸ்டர்ஜனைத் தூக்கி எறிந்த காலம் ஒன்று உண்டு. பிறகு அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அட்லாண்டிக் ஸ்டர்ஜன் தீர்ந்துபோக, ரயிலும் பனிக்கட்டியும் மேற்குக் கரைவரை எட்ட, இறைச்சிக்கும் சினைக்கும் திடீரென்று விலை வந்தது. தெற்கே கொலம்பியா நதியில் 1892இல் சுமார் 2,500 டன் பிடித்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொழில் படுத்துவிட்டது. ஃபிரேசரில் உச்சம் 1897, ஏறக்குறைய 500 டன். அடுத்த பத்தாண்டுக்குள் அங்கும் அதே கதை. சினைகொள்ளவே இருபது வருடம் எடுத்துக்கொள்ளும் உயிரை அந்த வேகத்தில் அள்ளினால் வேறென்ன நடக்கும்? 1924இல் அபட்ஸ்ஃபோர்டுக்கும் சில்லிவாக்குக்கும் நடுவே இருந்த சுமாஸ் ஏரியை விவசாயத்துக்காக வற்றவைத்தார்கள். ஆழமில்லாத, உணவு நிறைந்த அந்த ஏரி ஸ்டர்ஜனுக்கு மேய்ச்சல் நிலம். 2021 நவம்பர் வெள்ளத்தில் ஏரி சில வாரங்களுக்குத் தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்து பண்ணைகளை மூழ்கடித்தது. ஏரி வற்றிய ஆண்டில் பொரித்த குஞ்சு ஏதாவது இன்னும் ஆற்றில் மேய்ந்துகொண்டிருக்கக்கூடும் என்பது கற்பனை அல்ல, அதன் ஆயுட்காலத்துக்குள் அடங்குகிற கணக்கு. 1993, 1994 ஆண்டுகளில் பெரிய ஸ்டர்ஜன்கள் பல, கீழ் ஃபிரேசரில் செத்து மிதந்தன. காரணம் உறுதியாகத் தெரியவேயில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் எந்த ஸ்டர்ஜனையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற தடை வந்தது.

தடைக்கு மிகப்பெரிய விலை கொடுத்தவர்கள் அந்த நதிக்கரையின் ஆதிக்குடிகளான ஸ்டோலோ மக்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக இந்த மீன் அவர்களுக்கு உணவு. உறவு என்றும் அவர்களின் கதைகள் சொல்கின்றன. 1994இல் அவர்களும் தாமாகவே முன்வந்து ஸ்டர்ஜன் பிடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதாவது, அந்த மீனைத் தின்று வாழ்ந்தவர்கள் அதைத் தொடுவதை விட்டார்கள். தின்னாதவர்கள் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் இதில் முரண் இல்லை, ஏனென்றால் சட்டம் எண்ணுவது இறந்த மீன்களை மட்டும்தான். ஆனால் உணவாகாத மீனைப் பிடித்து அலைக்கழிப்பது உணவோடு விளையாடுவது, அதற்குக் காட்டவேண்டிய மரியாதையைக் காட்டாதது என்ற எண்ணம் வட அமெரிக்கப் பழங்குடிகள் பலரிடம் உண்டு. பசிக்குக் கொல்வதை அந்த எண்ணம் ஏற்கிறது, களிப்புக்குப் பிடித்து விடுவதை ஏற்பதில்லை. நவீன மனம் இதைத் தலைகீழாக அடுக்கி வைத்திருக்கிறது: கொல்வது கொடூரம், விடுவது பண்பாடு. இரண்டில் எது சரி என்பதைவிட, இரண்டாவது அடுக்கு எத்தனை புதியது என்பதே திகைக்கவைக்கிறது. கடையில் மீன் வாங்கச் சக்தி உள்ளவர்களின் அறம் அது.

இந்தக் கேள்வியை ஐரோப்பாவில் சட்டமே கேட்டிருக்கிறது. ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முதுகெலும்புள்ள உயிருக்கு நியாயமான காரணமின்றி வலி தரக்கூடாது. விடுவதற்காகவே மீன் பிடிப்பது அந்த நியாயமான காரணத்தில் அடங்காது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஸ்விட்சர்லாந்து 2009 முதல் அப்படிப் பிடிப்பதை வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது. அங்கே தின்னும் எண்ணமில்லாமல் தூண்டில் போடுவது தவறு. ஃபிரேசரில் தின்னும் எண்ணத்தோடு போடுவது தவறு. மீனுக்கு வலிக்குமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 2003இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் லின் ஸ்னெடன் குழுவினர் டிரௌட் மீன்களின் உதட்டில் அமிலம் செலுத்திப் பார்த்தபோது அவை உதட்டைத் தொட்டியின் சரளையில் தேய்த்துக்கொண்டன, உணவு உண்ணத் தாமதித்தன. அது வலியா, வெறும் எதிர்வினையா என்று அறிஞர்கள் இன்றும் பிரிந்து நிற்கிறார்கள். ஸ்டர்ஜனைப் பொறுத்தவரை, தூண்டிலில் பிடித்து ஒழுங்காக விட்டால் உடனே சாவது மிக அரிது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சால்மன் வலைகளில் சிக்கிச் சாவதே அதிகம். நீண்ட இழுபறிக்குப் பின் அதன் இரத்தத்தில் களைப்பின் அமிலம் ஏறுகிறது, வெதுவெதுப்பான நீரில் தேறுவதற்கு அதிக நேரம் பிடிக்கிறது. ஐடஹோவில், ஸ்நேக் நதி ஸ்டர்ஜன்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பலவற்றின் குடலில் தூண்டில்முள்கள் இருந்தன. அறுந்த நூல்களோடு அடித்தளத்தில் கிடந்த இரைகளை அவை விழுங்கியிருக்கின்றன. அங்கும் பல பத்தாண்டுகளாக எல்லா ஸ்டர்ஜனையும் விட்டுவிடுவதுதான் விதி. விழுங்கிய முள்களில் சில அரித்துக் கரைகின்றன, சில வெளியேறிவிடுகின்றன என்கிறார்கள். விடுவது செய்த காரியத்தைச் செய்யாததாக ஆக்கிவிடுவதில்லை என்பதற்கு அந்த எக்ஸ்ரே படங்களே போதும்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் தீர்ப்பு எளிதாக வந்துவிடும். ஆனால் இந்த மீனைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பங்கு இதே படகுகளிலிருந்து வந்தது. 1997இல் தொடங்கிய ஃபிரேசர் நதி ஸ்டர்ஜன் பாதுகாப்புச் சங்கத்தின் நிறுவனத் தலைவர், சக்கர நாற்காலியில் உலகைச் சுற்றிவந்த ரிக் ஹான்சன். அவரும் ஸ்டர்ஜன் பிடிப்பவர். சங்கம் படகோட்டிகளுக்கும் ஆர்வலர்களுக்கும் பயிற்சி கொடுத்து, பிடிபடும் மீனுக்கு அடையாளச் சில்லு பொருத்தவைக்கிறது. ஓர் அரிசியளவுக் கண்ணாடிக் குப்பிக்குள் சுருட்டிய கம்பியும் சில்லும். மின்கலம் இல்லை, கருவியை அருகே கொண்டுபோனால் மட்டும் எண் தெரியும். ஊசியால் தலைக்குப் பின்னால் ஏற்றிவிட்டால் மீனின் ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும். இப்படிப் பல பத்தாயிரம் மீன்கள் எண் பெற்றிருக்கின்றன. மறுபடி அகப்படும்போது எவ்வளவு வளர்ந்தது, எங்கிருந்து எங்கே போனது என்று தெரிகிறது. எத்தனை மீன் இருக்கும் என்று கணக்கிட முடிகிறது. இந்த வேலையை அரசு மட்டும் செய்திருந்தால் இத்தனை ஆண்டுகள் பணம் ஒதுக்கியிருக்குமா என்பது ஐயம்தான். ஆற்றில் சரளை அள்ளுவதை எதிர்க்கவும் வலையில் சிக்கும் மீன்களுக்காகப் பேசவும் ஆள் இருப்பது, விடுமுறையில் ஒருமுறை அந்த மீனைத் தொட்டவர்கள் இருப்பதால்தான். துன்புறுத்துகிறவர்களே காவலர்கள் என்றால் கேட்பதற்கு வசையாகத் தோன்றும். இங்கே அது நிலவரம். ஆனால் இந்தப் பயனைக் காட்டி உறுத்தலை ஆற்றிவிடலாம் என்று நினைப்பதும் சரிப்படாது. எண் எடுக்கப் பிடிக்கவில்லை. பிடித்ததால் எண் எடுத்தார்கள்.

கொலம்பியா நதியில் ஏற்பாடு வேறு. அங்கே சில நாட்களுக்கு மட்டும் ஸ்டர்ஜனை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதிக்கிறார்கள், அதுவும் நடுத்தர நீளமுள்ளவற்றை மட்டும். சிறியது வளர வேண்டும், பெரியது முட்டையிட வேண்டும். 1938இல் கட்டிய போனவில் அணைக்கு மேலே, அடுத்தடுத்த அணைகளுக்கு நடுவே அடைபட்ட மீன்கள் கடலைப் பார்க்காமலே முதிர்கின்றன. அணையருகிலுள்ள மீன்பண்ணையில் ஹெர்மன் என்ற ஸ்டர்ஜன், மூன்று மீட்டருக்கு மேல் நீளம், கண்ணாடிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தூண்டில் பிடிக்காத குடும்பங்கள் அங்கே போய் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. உலகின் மற்ற நதிகளைப் பார்த்தால் இந்த இரண்டும் பரவாயில்லை. 2022இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட மதிப்பீட்டில், ஸ்டர்ஜன் குடும்பத்திலும் அதன் உறவான துடுப்புமூக்கு மீன்களிலும் எஞ்சிய 26 இனங்களும் அழியும் ஆபத்தில் இருந்தன; யாங்சி நதியின் சீனத் துடுப்புமூக்கு மீன் முற்றாக அழிந்துவிட்டது. யாங்சியில் விடுவதற்குக்கூட அந்த மீன் இல்லை.

கீழ் ஃபிரேசரிலும் எண்ணிக்கை தேறவில்லை. சில்லுகளின் கணக்குப்படி, 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் இருந்ததைவிட இளம் மீன்கள் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கின்றன. காரணமாகப் பல சொல்லப்படுகின்றன: வசந்தத்தில் ஆற்றில் ஏறும் எண்ணெய்ச்சத்து மிகுந்த யூலக்கான் 1990களின் நடுவிலிருந்து அற்றுப்போனது, சால்மன் வரத்து சுருங்கியது, முட்டையிடும் சரளைப் படுகைகள் கெட்டது, வலைகளில் சிக்கும் சாவுகள். பெரியவை நெடுங்காலம் வாழ்வதால் இந்தக் குறைவு படகில் தெரியாது. சொல்லப்போனால் எதிர்மாறாகத் தெரியும். இளசுகள் குறைந்து முதியவை மேலும் வளர்ந்துகொண்டே போகும் ஆற்றில், தூண்டிலில் ஏறும் மீனின் நீளம் கூடிக்கொண்டே போகிறது; பயணம் வருடத்துக்கு வருடம் சிறப்பாக அமைவதாகவே தோன்றும். முட்டையிடும் பருவத்தில் ஹோப்புக்குக் கீழேயுள்ள சில கிளையோடைகளில் தூண்டில் போடத் தடை இருக்கிறது. சினைப்பெண்மீன்கள் அந்த ஓடைகளுக்குப் போவதும் அங்கிருந்து திரும்புவதும், படகுகள் நங்கூரமிட்டு நிற்கும் முதன்மை ஆற்றின் வழியாகத்தான்.